எடிட்டரின் நிறத்தை மாற்றியது யார்?

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனை எல்லோருமே சந்தேகப்படுவார்கள். அவன் விற்கிற சரக்கை யாரும் கையில் எடுத்து எடை பார்க்க முடியாதல்லவா? இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், "அட, நம்ம கதை" என்று தலையாட்டுவீர்கள். மாட்டிக்கொள்ளாதவர்களும் யாரையாவது ஒரு தடவை வீணாகச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். அது போதும், புரிந்துவிடும்.

பம்பாயில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் பல வருஷம் குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் நாமக்கல் திரும்பினேன். எட்டாவது வரை தமிழிலும் அதற்குமேல் இங்கிலீஷிலும் படித்தவன். இரண்டு பாஷையில் படித்தவனுக்கு ஊரில் ஒரு சங்கடம் உண்டு. அவன் எதைச் சொன்னாலும், சொல்லாத மிச்சத்தை இன்னொரு பாஷையில் வைத்திருக்கிறான் என்றே கேட்பவர் நினைப்பார்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த முத்துசாமி அண்ணன்தான் என்னை நம்பிப் பணம் போட்டவர். பட்டறை மாடியில் ஒரு அறை, ஒரு மெஷின், அவர் பங்கு பாதி, என் பங்கு பாதி. டைப் அடிக்க ராசிபுரத்திலிருந்து மல்லிகா பஸ்ஸில் வந்துபோனாள். நான் காகிதத்தில் எழுதிக்கொடுப்பதை அவள் எடிட்டரில் ஏற்றுவாள். எடிட்டர் என்பது புரோகிராம் எழுதுவதற்கென்றே இருக்கிற ஒரு புரோகிராம். எழுத்து என்ன நிறம், பின்னணி என்ன நிறம், தப்பு செய்தால் மணி அடிக்கவேண்டுமா, வரியை எவ்வளவு தள்ளித் தொடங்குவது, எல்லாவற்றையும் அதில் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த இஷ்டம்தான் வினை.

மஞ்சள் ஆகாது

"லாரிக்குப் பத்து கலர் அடிக்கறவன் கம்ப்யூட்டரை மட்டும் ஒத்தக் கலர்லயா வாங்குவான்?" என்று அண்ணன் கலர் திரையாகவே வாங்கிவிட்டார். எடிட்டர் வரும்போதே நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் வாடிக்கையாளர் ஆத்தூரில் ஜவ்வரிசி மில் வைத்திருந்தவர். அவருடைய புரோகிராமை எழுதும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் கண்ணை எடுக்கமாட்டார். நாலைந்து நாள் பார்த்தார். ஒருநாள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். அன்றே மெனுவைத் திறந்து அவர் கண்ணெதிரில் எழுத்தை வெள்ளையாக்கினேன். அவர் கேட்டது இதுதான்: "வெள்ளையா இருந்தாத்தாங்க ஜவ்வரிசி. மஞ்சளாப் போச்சுன்னா கழிச்சுக் கட்டிருவாங்க. எங்க சரக்க மஞ்சள்ல எழுதச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னது?"

ரெண்டாவது ஆருக்கு

வெள்ளை கண்ணைக் கூசியது. கடைசியில் கறுப்புப் பின்னணியில் வெளிர்பச்சை எழுத்து என்று முடிவு செய்தேன். அது யாருடைய சரக்கின் நிறமும் இல்லை. மணியை அணைத்தேன். மெஷினுக்கு உயிர் வந்ததுமே நேராக எடிட்டருக்குள் போய், கடைசியாக எழுதிய புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்படியும் அமைத்தேன். மல்லிகா வந்ததும் உட்கார்ந்து அடிக்கவேண்டியதுதான்.

அப்போது வந்தவர் திருச்செங்கோட்டு வையாபுரி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். வண்டி வடக்கே போய் மாதக்கணக்கில் ஊர் ஊராகத் துளை போடும். எத்தனை அடி போட்டார்கள், எவ்வளவு டீசல் குடித்தது என்று கூட்டிச் சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும் என்றார். வண்டியில் போகும் ஆட்கள் யாரையும் அவர் நம்பவில்லை. அதற்காகத்தான் எங்களிடம் வந்தார். வந்தபிறகு எங்களையும் நம்பவில்லை.

எங்கள் எடிட்டருக்கு ஒரு நல்ல குணம். புதிதாக எழுதியதைச் சேமிக்கும் போதெல்லாம், அதற்கு முந்தையதை ஒரு நகலாக ஓரத்தில் வைத்துக்கொள்ளும். கை தவறினாலும் பழையது கிடைக்கும். திரையில் தன் புரோகிராமின் பெயர் இரண்டு இடத்தில் வருவதை வையாபுரி பார்த்துவிட்டார். "இது எனக்கு. செரி. ரெண்டாவது ஆருக்குங்க?" என்றார். விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. கடைசியில் மெனுவில் "நகல் வேண்டாம்" என்று மாற்றவைத்தார். மெஷினை அணைத்துப் போட்டு, மாற்றம் நிலைத்ததா என்று மறுபடியும் பார்த்தார். படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "தப்பு வரும்னு தெரிஞ்சவன்தான் முன்கூட்டியே காப்பி எடுப்பான். தப்பே பண்ணாதீங்க, காப்பியும் வேண்டாம்."

முதல் ஸ்டார்ட்

லாரித் தொழிலில் காலையில் வண்டியை யார் கை முதலில் கிளப்புகிறது என்பது சின்ன விஷயமில்லை. முத்துசாமி அண்ணன் மெஷினையும் அப்படித்தான் வைத்திருந்தார். பட்டறைக்குப் போகும் வழியில் மாடியேறி, மெஷினைப் போட்டு, திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, ஓடவிட்டபடியே கீழே போய்விடுவார். "கொஞ்ச நேரம் சூடேறட்டும், அப்பறம் ஓட்டுங்க" என்பார். மல்லிகா வரும்போது அறையில் கற்பூர வாசனையும், திரையில் எடிட்டரும் தயாராக இருக்கும்.

வையாபுரியின் வேலை பாதி முடிந்திருந்த சமயத்தில் அது ஆரம்பித்தது. ஒருநாள் காலை மல்லிகா, "சார், பச்சை போயி செவப்பாக் கெடக்குதுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் வரிகளெல்லாம் வலது பக்கம் தள்ளி, திரைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு நாள் நான் அணைத்துவைத்த மணி, தொட்டதற்கெல்லாம் அடித்தது. மேட்டூர் கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழியை முதலில் மேட்டூர் கரண்ட் மேல்தான் போடுவோம். ஆனால் கரண்ட், மெனுவைத் திறந்து நிறம் தேர்ந்தெடுக்குமா?

இங்கிலீஷில் யோசித்தேன், தமிழிலும் யோசித்தேன், காரணம் அகப்படவில்லை. அண்ணன் மட்டும் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். சேலத்தில் புதிதாக ஒருத்தர் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வந்துபோகிற பெண்ணுக்குச் சேலமும் ஒரு பஸ் தூரம்தான். எங்கள் வேலையைக் கெடுக்க அவர் மல்லிகாவுக்குக் காசு கொடுக்கிறார் என்பது அண்ணன் கணக்கு. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க மாத்தல. எனக்கும் அந்தப் பட்டன் கட்டைக்கும் ஆகாது, நான் தொடறதே இல்ல. மிச்சம் ஆரு தம்பி?"

வரி தின்ற கதை

மல்லிகா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அந்தப் பரீட்சைக்குத் தயாரானவர்களின் கண் காகிதத்தில் இருக்கும், விரல் தானாக ஓடும். தலையைத் தூக்கி, டைப்ரைட்டரில் அடித்த தாளைப் பார்த்தால் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். டைப்ரைட்டரில் அந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் எடிட்டரில் ஒரு விசை உண்டு. ஒருதரம் அமுக்கினால், புதிதாக அடிக்கும் எழுத்து பழையதைத் தள்ளிவிட்டு நடுவில் உட்காரும். இன்னொருதரம் அமுக்கினால், பழையதைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் உட்காரும். நான் எப்போதும் முதல் விதமாகத்தான் வைத்திருப்பேன். அன்று காலை அது இரண்டாம் விதமாகக் கிடந்தது. நிறமும் சரியாக இருந்தது, மணியும் அடிக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. டீசல் கணக்குக்கு முன்னால் சேர்க்கவேண்டியதை நான் எழுதிக்கொடுத்தேன். மல்லிகா காகிதத்தைப் பார்த்தபடியே மத்தியானம் வரை அடித்து, பழக்கப்படி அடிக்கடி சேமித்தும் வந்தாள். தலையைத் தூக்கியபோது டீசல் பகுதி மொத்தமும் காணோம். நகலும் இல்லை. அதுதான் வேண்டாம் என்று வைத்துவிட்டோமே.

வையாபுரி அன்று சாயங்காலமே புரோகிராம் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார். அவர் எதிரில் பேசவேண்டாம் என்று அண்ணனுக்குக் கண் காட்டினேன். அண்ணன் அதைப் பார்க்கவில்லை. "என்ன அம்மிணி, சேலத்துக்காரன் எவ்வளவு தர்றான்?" என்றார். வையாபுரி உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார், நாடகத்துக்கு உட்காருவதுபோல. மல்லிகா அழவில்லை. டிபன் கூடையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று அண்ணனையும் வையாபுரியையும் பார்த்துச் சொன்னாள்: "நான் வந்தப்பவே மெசின் அப்பிடித்தானுங்க இருந்துச்சு. நாளைக்குக் கேட்டாலும் இதயேதான் சொல்லுவேன்."

மறைந்திருந்து பிடித்தது

அண்ணன் பேசிய அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ராசிபுரம் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். வையாபுரியின் மச்சான் வீடு அங்கேதான். அவள் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நெய்க்கடை வைத்திருப்பவர். வேலைக்கு வந்த இடத்தில் கள்ளத்தனம் செய்தாள் என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால், இந்த ஜில்லாவில் அவளை எந்த மெஷின் முன்னாலும் யாரும் உட்காரவைக்க மாட்டார்கள். "கையும் களவுமா புடிக்காம ஒருத்தரப் பேசக்கூடாதுண்ணா" என்றேன். தப்பாகப் போயிற்று. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்பப் புடிச்சிருவோம்!"

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் மாடியில் இருந்தோம். கரண்ட் போனால் மெஷினைத் தாங்கும் பேட்டரிகளுக்காகப் போட்டிருந்த பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து, அவள் வந்து என்ன செய்கிறாள் என்று பார்ப்பதாகத் திட்டம். "இருங்க, பூசைய முடிச்சுட்டு வாரேன். அது தப்பக்கூடாது" என்று அண்ணன் மட்டும் மெஷினிடம் போனார். நான் தடுப்புக்குப் பின்னாலேயே உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். மெஷினைப் போட்டார். எடிட்டர் வந்து நின்றது, கறுப்பில் வெளிர்பச்சை. பழைய சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தார். சுரண்டின பொடி விசைப்பலகை மேல் உதிர்ந்தது. இடது கையில் கற்பூரத் தட்டு, கண் மூடியிருந்தது, உதட்டில் முருகன் பெயர். வலது கையால் தோள் துண்டை எடுத்து, இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் மெனு விசைகளிலிருந்து ஆரம்பித்து, லாரி முன்கண்ணாடியைத் துடைக்கிற அழுத்தத்தோடு ஒரே இழுப்பாக வலது ஓரம் வரை துடைத்தார். மறுபடி ஒரு இழுப்பு.

திரையில் மெனு விழுந்தது. மெனுவுக்குள் இன்னொரு மெனு விழுந்தது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார். தட்டைக் கீழே வைக்காமலே தடுப்பை நோக்கி ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்: "பாத்தீங்களா தம்பி! ஆளு வராமயே வேலையக் காட்டிப்போட்டா!"

நெய்க்கடை வாசலில்

அவருக்குப் புரியவைக்க ஒரு முழுக் காலை ஆயிற்று. "நீங்கதான் தொடறீங்க" என்றால், "தொடைக்கறதெல்லாம் தொடறதுல சேருமா?" என்றார். "நான் தொடைச்சா மாறற மாதிரி அந்தப் பொண்ணு உள்ள எதாச்சும் வெச்சிருந்தா?" என்றார். பிறகு அவரே துண்டை எடுத்து, ஒவ்வொரு விசையாகத் துணியால் அமுக்கிப் பார்த்தார். மெனு விழுவதைப் பார்த்ததும் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மணி பத்தாகியும் மல்லிகா வரவில்லை.

அன்று மத்தியானமே அவருடைய அம்பாசடரில் ராசிபுரம் போனோம். மல்லிகாவின் அப்பா எங்களை உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்: "ஏனுங்க, மெசினுக்கு எதோ கண்ணு பட்டாட்ட இருந்துச்சு..." நான் அவரைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டு, "இல்லீங்க. என்ற கைதான் மாத்துச்சு. புள்ள மேல தப்பில்ல. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார். நெய்க்கடைக்காரர் தராசைத் துடைத்தபடியே பேசினார். "நெய்யில கலப்படம்னு ஒருத்தன் கடைவீதியில நின்னு கத்திட்டு, சாயங்காலம் எங்கிட்ட வந்து தனியா மன்னிச்சுக்கங்கன்னா, எனக்கு வித்துருமுங்களா?"

மல்லிகா கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எங்களிடம் நேராகப் பேசவில்லை. அப்பாவிடம் சொல்வதுபோல, ஆனால் அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ஆரு முன்னாடி சொன்னாருங்களோ, அவரு முன்னாடியே சொல்லச் சொல்லுங்கப்பா. அன்னைக்கு நானே வாரேன்."

செய்து காட்டியது

டீசல் பகுதியை நானே மறுபடி எழுதி முடித்ததும் வையாபுரிக்குச் சொல்லி அனுப்பினோம். மல்லிகா வந்தாள், கூட அவள் அப்பாவும். அண்ணன் அன்று வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வையாபுரி, அன்னைக்கு இந்த அம்மிணியச் சொன்னது தப்பு. உங்க புரோகிராம் போனது என்னாலதான். பூசை பண்றப்ப நான் தொடைச்சதுல பட்டன் மாறிப்போச்சு" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

வையாபுரி சிரித்தார். "உடுங்கண்ணா. பொம்பளப் புள்ள பேரு கெட்டுரும்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்களாக்கும்? அவ்வளவு நல்லவரு நீங்க இல்லையே!" அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை போலிருந்தது. "நம்பலியா? இருங்க, செஞ்சே காட்டறேன்" என்று மெஷினைப் போட்டார். வெளிர்பச்சை வந்தது. துண்டை எடுத்துத் துடைத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி துடைத்தார். திரையில் ஏதோ நாலு எழுத்து விழுந்தது, அவ்வளவுதான். நிறம் மாறவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தனியாக இருக்கும்போது நாளுக்கு நாலு தடவை காட்டுகிற கோளாறை, நாலு பேர் கூடி நிற்கும்போது மெஷின் ஒருநாளும் காட்டாது.

வையாபுரி எழுந்தே விட்டார். நெய்க்கடைக்காரர் தன் மகளைப் பார்த்தார். அவர் கண்ணிலும் ஒரு நூலிழைச் சந்தேகம் வந்து போனதை நான் பார்த்தேன். மல்லிகாவும் பார்த்தாள். மேஜைப் பக்கம் வந்து நின்றாள். "முதலாளி, இப்பப் பயந்து பயந்து தொடைக்கறீங்க. கண்ணத் தொறந்து பட்டனப் பாத்துக்கிட்டே தொடைக்கறீங்க. தெனமும் அப்பிடியா பண்ணுவீங்க? தட்ட எடுங்க. கற்பூரம் ஏத்துங்க. சாமியக் கும்பிடுங்க. எங்க யாரையும் நெனைக்காதீங்க." அண்ணன் கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடினார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. பிறகு நாங்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. துண்டு தோளிலிருந்து தானாக இறங்கி, இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரே இழுப்பாகப் போயிற்று.

சிவந்த வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அடித்தது. மணி வேறு விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் அது கோயில் மணி என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் திறக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெய்க்கடைக்காரர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வையாபுரி திரையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மல்லிகா பக்கம் திரும்பி, முதல் தடவையாக மரியாதையாகப் பேசினார்: "ராசிபுரத்துல நானே ஊடு ஊடாப் போயிச் சொல்லிக்கறேனுங்க அம்மிணி. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. நாளையிலிருந்து பூசைய நீங்க போடுங்க, டைப்ப வேணா முதலாளி அடிக்கட்டும்."

இந்தத் தொழிலில் யாரையாவது சந்தேகப்பட்டே தீரவேண்டும் என்று உங்களுக்கும் ஒரு காலை வந்தால், மெஷினைத் தொடுவதே இல்லை என்கிறவரை விட்டுவிடாமல், அவர் கையில் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.